தோட்டத்து இலையும் உப்பும்

கொத்தமல்லி விதைத்த 40 அல்லது 45 நாட்களில் கீரையாக அறுவடைக்கு வந்துவிடுகிறது. ஒரே வாரத்தில் பல வயல்களிலும் அறுவடை நேரிடின் விலை வீழ்கிறது. பறிகூலிக்கும் கட்டாமல் ஆடுமாடுகளுக்கு இடப்படுவதும் உண்டு. புதினாவின் நிலையும் இதுவே. இவ்விலைகளில் ஒரு பகுதியையேனும் உலர்த்தி, உப்புடன் பொடித்து வைத்துக்கொண்டால், இலை கிடைக்காத காலத்தில் குடும்பத்திற்கு உதவும். முறையாகச் செய்யின் விற்பனைக்கும் ஆகும்.

இது புதிய கலையன்று. நம் நாட்டில் வேப்பிலைக்கட்டி என ஒன்று நெடுங்காலமாக உண்டு. பெயரைக் கேட்டு வேப்பிலையைத் தேட வேண்டுவதில்லை. நார்த்தை அல்லது எலுமிச்சையின் கொழுந்திலைகளை நடுநரம்பு நீக்கி, கறிவேப்பிலை, ஓமம், மிளகாய், பெருங்காயம், உப்பு ஆகியவற்றுடன் உரலில் இடித்து உருட்டி வைப்பதே அது. புளி சேர்ப்போரும் உளர். மோர்ச் சோற்றுக்கு இதனினும் நல்ல துணை இல்லை என்பது எமது கருத்து. வடக்கே உத்தரகண்ட் மலைநாட்டில், குமாவூன், கர்வால் பகுதிகளில், பச்சை மிளகாய், பூண்டு, கொத்தமல்லி, சீரகம் முதலியவற்றை உப்புடன் அம்மியில் அரைத்துப் பயன்படுத்துகின்றனர். ‘பிஸ்யூ லூண்’ என்பது அதன் பெயர். அரைத்த உப்பு என்பதே பொருள். அங்குள்ள மகளிர் குழுக்கள் இதனைச் சிப்பங்களில் இட்டு விற்று வருகின்றன. அவர்களால் இயலுமாயின் நம்மவராலும் இயலும்.

உலர்த்தும் முறை

பலர் தவறுவது இவ்விடத்தில்தான். இலையை நேர் வெயிலில் காய வைப்பின் விரைவில் உலரும் என்பது மெய்யே. ஆயின் மணம் தரும் எண்ணெய்ப் பொருள் ஆவியாகிப் போகும், பச்சை நிறமும் வெளுக்கும். ஆகவே நிழலில், காற்றோட்டமுள்ள இடத்தில் உலர்த்துதல் வேண்டும். இலைகளை இரண்டு மூன்று முறை தூய நீரில் அலசி, நீர் வடிந்தபின் சுத்தமான துணியில் மெல்லியதாகப் பரப்புக. நாளொன்றுக்கு இருமுறை புரட்டிவிடுக. மேலே மற்றொரு மெல்லிய துணியை விரித்தால் ஈயும் தூசியும் அணுகா. இலை கையில் கசக்கினால் நொறுங்க வேண்டும். காம்பு வளையாமல் ஒடிய வேண்டும். இதுவே பதம். வளையும் காம்பில் ஈரம் இருக்கிறது. அதனை உப்பில் சேர்த்தால் சில நாளில் கட்டி தட்டும், பூஞ்சணமும் பிடிக்கும்.

கொத்தமல்லியிலும் புதினாவிலும் நூற்றுக்கு 85 பங்களவு நீரே. ஆதலால் ஒரு கிலோ பச்சை இலை உலர்ந்தபின் ஏறத்தாழ 150 கிராம்தான் தேறும். கறிவேப்பிலையில் நீர் குறைவு. கிலோவுக்கு 350 கிராம் வரை எதிர்பார்க்கலாம். முதன்முதலாகச் செய்வோர் கறிவேப்பிலையில் தொடங்குதல் நன்று. தடித்த இலையையுடைய கற்பூரவல்லி எளிதில் உலராது, அதனை விட்டுவிடலாம்.

சேர்மானம்

புதினாவுக்கும் கொத்தமல்லிக்கும் 4 பங்கு உப்புக்கு 1 பங்கு இலைத் தூள் போதும். கறிவேப்பிலைக்கு 2 பங்கு உப்புக்கு 1 பங்கு. இவை எடையளவு. சிறிது சீரகமும் மிளகும் வறுத்து ஆறவைத்துச் சேர்க்கலாம். உப்பையும் இலையையும் ஒருங்கே இடித்தால் உப்பின் பரல்களே இலையை நன்கு நொறுக்கிவிடும்.

உப்பைக் குறித்துச் சிறிது விரிவாகக் கூற வேண்டும். சுத்தம் செய்யாத உப்பில் மக்னீசிய உப்புக்கள் கலந்திருப்பதால் அது விரைவில் நீர்த்துப் போகும். தூய உப்புங்கூட, காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 75 பங்கைக் கடந்தால் கசியத் தொடங்கும். எனவே ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இவ்வேலையை மேற்கொள்ளாது, தை முடிந்து வெயில் ஏறும் நாட்களில் செய்க. அயோடின் கலந்த உப்பையே வாங்குக. அயோடின் குறைவினால் முன்கழுத்துக் கழலை தோன்றும். கருவிலுள்ள குழந்தையின் மூளை வளர்ச்சியும் குன்றும். வெயிலும் வெப்பமும் ஈரமும் அயோடினைக் குறைப்பதால், உப்பை இலையுடன் சேர்த்து வெயிலில் காய வைத்தலோ வாணலியில் வறுத்தலோ கூடாது. இலை தனியே உலர்ந்தபின் இறுதியில் கலப்பதே முறை.

கண்ணாடிக் குப்பியிலோ பீங்கான் சாடியிலோ இறுக மூடி வைக்கவும். இரும்பு துருவேறும், அலுமினியத்தை உப்பு அரிக்கும். ஈரக் கரண்டியை உள்ளே விடலாகாது.

எவ்வளவு உண்பது?

வயதுவந்தோர் நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பையே உண்ண வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. இது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு. நம் ஊர்களில் இரத்த அழுத்தம் உள்ளவர் இல்லாத தெருவைக் காண்பது அரிது. இலை உப்பைச் சாதாரண உப்புக்கு மாற்றாகப் பயன்படுத்தினால் நன்மை உண்டு: 4க்கு 1 என்ற கலவையில், அதே எடைக்கு உப்பு ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது, மணம் இருப்பதால் நாக்குக்கும் குறை தெரிவதில்லை. ஏற்கெனவே உப்பிட்ட குழம்பின்மீது இதனையும் தூவிக்கொள்வோர்க்கு இது தீங்கே.

பஞ்சாயத்து உறுப்பினர்கள் கவனிக்க வேண்டியவை சில. குழாயடியில் வழியும் நல்ல நீரைக்கொண்டு புதினாப் பாத்தியும் கறிவேப்பிலைக் கன்றும் வளர்க்கலாம். சாக்கடை நீரை இவற்றுக்குப் பாய்ச்ச இடங்கொடுக்கலாகாது. பூச்சி மருந்து தெளித்த இலையை, மருந்துச் சீட்டில் குறித்த நாட்கள் கழியுமுன் பறித்தல் கூடாது. உலர்த்தும்போது நீர் போகுமேயன்றி நஞ்சு போகாது. எடை குறைவதால் அது செறியவே செய்யும். மகளிர் சுய உதவிக் குழுவினர் விற்பனை செய்ய விரும்பின், காற்றோட்டமுள்ள பொதுக் கட்டடம் ஒன்றைச் சில நாட்களுக்கு அவர்களுக்கு ஒதுக்கித் தரலாம். 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டப்படி பதிவு பெறுதல் அவசியம். மனிதர் உண்ணும் உப்பை அயோடின் இன்றி விற்பது தடை செய்யப்பட்டுள்ளது என்பதால், உப்பளத்தில் மலிவாகக் கிடைக்கும் உப்பை அப்படியே வாங்கிக் கலந்து விற்க முற்படலாகாது. சிப்பத்தின்மேல் சேர்மானம், நிகர எடை, தயாரித்த நாள், பதிவு எண் ஆகியன இருத்தல் வேண்டும். முதல் முறை ஐந்து கிலோவுக்கு மேல் செய்யாமல், அது ஒரு மழைக்காலத்தைக் கட்டி தட்டாமல் தாங்குகிறதா என்று பார்த்தபின் அளவைப் பெருக்கலாம்.