கார் நிறுத்தமும் கணிதமும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. கணிதம்)

கணிதம் கரும்பலகையோடு முடிந்துவிடுவதன்று. விமான நிலையத்தில் காரை எங்கே நிறுத்துவது என்பதும் ஒரு கணக்கே என்றால் நண்பர்கள் வியக்கக்கூடும்.

இராஜபாளையம், திருவில்லிபுத்தூர் மக்கள் விமானம் ஏறப் பெரும்பாலும் மதுரைக்கே செல்கின்றனர். இராஜபாளையத்திலிருந்து திருமங்கலம் வழியாக ஏறத்தாழ 80 கிலோமீட்டர். 2012இல் மதுரையிலிருந்து கொழும்புக்கு விமானம் பறக்கத் தொடங்கியது. அதன்பின் நம் வட்டாரத்து எளிய குடும்பங்களும் பிள்ளைகளை அங்கிருந்தே வெளிநாட்டு வேலைக்கு வழியனுப்புகின்றன. வெளிநாட்டு விமானங்களுக்குப் பெட்டிகளை ஒப்படைக்கும் கவுண்டரைப் பெரும்பாலும் ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடுவார்கள். கடன் வாங்கி எடுத்த டிக்கெட், இடம் தேடிச் சுற்றும் சில நிமிடங்களில் வீணாகலாம்.

அமெரிக்காவில் பணியாற்றும் கிராபிவ்ஸ்கி, ரெட்னர் என்னும் இரு இயற்பியலறிஞர்கள் இதனை ஆராய்ந்து 2019இல் கட்டுரை வெளியிட்டனர். வாயிலை நோக்கிய ஒரே வரிசையை எடுத்துக்கொண்டு, ஓட்டுநர்களை மூவகையாக அவர்கள் பிரித்தனர்.

முதலாமவர் அடக்கமானவர், கடைசியாக நிற்கும் காருக்குப் பின்னாலேயே நிறுத்திவிட்டு நடப்பார். இரண்டாமவர் பேராவல் கொண்டவர். வாயில்வரை சென்று, பின் திரும்பிவந்து, மிக அருகிலுள்ள காலியிடத்தைப் பிடிப்பார். ஆடிப்பூரத் தேரன்று தேரடிவரை போய்விடலாம் என்று வண்டியை விரட்டுவோர் இவ்வகையினரே! மூன்றாமவர் விவேகி, உள்ளே சென்று, எதிர்ப்படும் முதல் இடைவெளியில் நிறுத்துவார், இல்லையேல் திரும்பிவந்து வரிசையின் கடைசியில் நிறுத்துவார்.

வரிசையின் கடைசி வாயிலிலிருந்து 100 மீட்டர் என்க. நடை வினாடிக்கு 1 மீட்டர்; கூட்டத்தில் ஊர்ந்து செல்லும் கார் 2 மீட்டர். 60 மீட்டரில் ஒரே ஓர் இடைவெளி உளது. அடக்கமானவருக்கு நடை மட்டுமே: 100 வினாடி. விவேகிக்கு ஓட்டம் 20, நடை 60; ஆக 80. பேராவலருக்கு வாயில்வரை 50, திரும்ப 30, நடை 60, ஆக 140.

பலமுறை நிறுத்துவோர்க்குச் சராசரியில் விவேகியின் முறையே சிறந்தது என்பது ஆய்வின் முடிவு. பேராவலர் சற்றே பின்தங்குகிறார். அடக்கமானவரோ வெகுவாகப் பின்தங்குகிறார்.

ஆனால் இடைவெளியே இல்லாத நாளில்? விவேகிக்கும் பேராவலருக்கும் 200 வினாடி; அடக்கமானவருக்கு அதே 100. சராசரி என்பது அடிக்கடி வருபவருக்கு உரியது. வாழ்வில் ஒருமுறை மகனை வழியனுப்ப வரும் குடும்பத்திற்கு மிக மோசமான நிலையே முக்கியம்.

ஆகவே நேரம் இருந்தால் விவேகியைப் பின்பற்றுவோம். நேரம் குறைந்தால், பயணியையும் முதியோரையும் பெட்டிகளையும் வாயிலில் இறக்கிவிட்டு, அடக்கமானவரைப் போலக் கடைசியில் நிறுத்துவோம். ஓட்டுநர் நடப்பதால் விமானம் தவறாது. எந்தச் சூத்திரத்தையும் கையாளுமுன் அது யாருக்குப் பொருந்தும் என்று கேட்பதே கணிதம் கற்றவர் கடமையாகும்.