வாள்வீச்சில் பெற்றோர் வழி நடக்கும் பிள்ளைகள்

ஒரே குடும்பத்தில் இரண்டு, மூன்று தலைமுறைகள் ஒலிம்பிக் வரை போன விளையாட்டுகளில் வாள்வீச்சும் ஒன்று. 1912இல் அல்பர்ட் போகன், சேபர் என்ற வாள் வகையில், ஆஸ்திரிய அணியோடு வெள்ளி வென்றார். அவருடைய மகள் எர்னா 1932இல் ஹங்கேரிக்காக ஃபாயில் என்ற இன்னொரு வாளில் வெண்கலம் பெற்றார். எர்னாவின் கணவர் அலடார் கெரெவிச், 1932 முதல் 1960 வரை நடந்த ஆறு ஒலிம்பிக்குகளிலும் சேபர் அணித் தங்கம் வென்றவர். இந்த இருவரின் மகன் பாலுக்கு 1972இலும் 1980இலும் அணி வெண்கலம் கிடைத்தது. இத்தாலியின் லிவோர்னோ நகரத்து மொன்டானோ குடும்பமும் இதற்குச் சளைத்ததல்ல. தாத்தா அல்டோ 1936, 1948 ஒலிம்பிக்குகளில் சேபர் அணி வெள்ளி வென்றார். மகன் மரியோ அல்டோ 1972இல் அணித் தங்கம் வென்றார். தாத்தாவின் பெயரையே தாங்கிய பேரன் 2004 ஏதென்ஸில் தனிநபர் தங்கத்தை 15-14 என்ற கணக்கில், ஒரேயொரு தொடுகை வித்தியாசத்தில் கைப்பற்றினார்.

இப்படிப்பட்ட வீடுகளில் பெற்றோரிடமிருந்து பிள்ளைக்குப் போய்ச் சேருவது பெரும்பாலும் வாள் வித்தை அல்ல, தூரத்தை அளக்கும் கண். ஆடுகளம் 14 மீற்றர் நீளம், அதிகம் போனால் 2 மீற்றர் அகலம். அந்த ஒடுங்கிய பாதையில் எதிராளி எட்டிப் பாயக்கூடிய எல்லைக்கு ஒரு சாண் வெளியே நிற்கவும், அவர் தடுமாறும் கணத்தில் உள்ளே புகவும் தெரிந்தவரே வெல்கிறார். இதைச் சொல்லில் புரியவைப்பது கடினம். சிறு வயதிலிருந்து பெரியவர்கள் ஆடுவதைப் பார்த்தும், அவர்கள் முன்னே வந்தால் பின்னே நகர்ந்தும் பழகிய பிள்ளைக்கு இது தானாகவே படிந்துவிடுகிறது.

தந்தையின் தந்திரங்கள் அதே அளவுக்குக் கைகொடுப்பதில்லை. கண்டிய நடனமும் மேளமும் பயிலும் குடும்பங்களில் தந்தையே குருவாக இருக்கிறார். அங்கே தாளமும் அடவும் பழைய வடிவம் பிசகாமல் நிற்பதே பெருமை. வாள்வீச்சில் நிலைமை வேறு. மரியோ அல்டோ மொன்டானோ 1972இல் சேபர் ஆடியபோது, வாள் பட்டதா இல்லையா என்பதை நடுவர்கள் கண்ணால் பார்த்துத் தீர்ப்புச் சொன்னார்கள். ஒலிம்பிக் சேபரில் தொடுகையைக் காட்டும் மின்விளக்கு 1992இல்தான் வந்தது. 1990களில், சேபரில் காலைக் குறுக்கே வைத்து முன்னே ஓடித் தாக்குவதற்கும் தடை விழுந்தது. மகன் ஏதென்ஸில் வென்ற ஆட்டம், விதிகளைப் பொறுத்தவரை தந்தை ஆடிய ஆட்டமே அல்ல. ஒரு காலத்தில் வாள் பிடித்த தாயோ தந்தையோ பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க இறங்குமுன், இன்றைய விதிப் புத்தகத்தைப் புதிய மாணவர்போல் ஒருமுறை படித்தாக வேண்டும்.

எந்த வாள் என்பதையும் பிள்ளையே தெரிவுசெய்வது நல்லது. ஃபாயில், எப்பே, சேபர் ஆகிய மூன்று வாள்களும் மூன்று வகையான மனத்தைக் கேட்பவை. ஃபாயிலில் உடற்பகுதி மட்டுமே இலக்கு, தாக்கும் உரிமை யாருக்கு என்ற கணக்கும் உண்டு. எப்பேயில் உச்சி முதல் உள்ளங்கால் வரை எங்கு பட்டாலும் புள்ளி என்பதால் அது பொறுமைசாலிகளின் ஆட்டம். சேபரில் இடுப்புக்கு மேலே இலக்கு, வெட்டும் செல்லும், முடிவு நொடிகளில் வந்துவிடும். எப்பே மேதை எடோர்டோ மன்ஜியரோட்டியின் மகள் கரோலா 1976, 1980 ஒலிம்பிக்குகளில் ஃபாயில்தான் ஆடினார். அன்று பெண்களுக்கு ஒலிம்பிக்கில் வேறு வாளே கிடையாது. பெண்கள் எப்பே 1996இலும், பெண்கள் சேபர் 2004இலும்தான் சேர்க்கப்பட்டன. அன்றைய மகள்களுக்குக் கிடைக்காத தெரிவு இன்றைய மகள்களுக்கு இருக்கிறது. அப்பா ஆடியது எப்பே என்பதற்காக அந்தத் தெரிவை மூடிவிடக் கூடாது.

இதே எடோர்டோவைப் பற்றி இன்னொரு செய்தியும் உண்டு. இயல்பில் வலக்கைக்காரரான அவரை, வாள்வீச்சு ஆசானான தந்தை ஜூசெப்பே இடக்கைக்காரராக மாற்றினார். இடக்கை ஆட்டக்காரர்கள் குறைவு, ஆகவே எதிராளிகளுக்கு அந்தக் கோணம் பழக்கமில்லை என்பதே காரணம். மகன் 13 ஒலிம்பிக் பதக்கங்கள் வென்றார். இதைப் படித்துவிட்டு வீட்டில் அப்படியே செய்துபார்ப்பது சரியல்ல. ஜூசெப்பேக்கு அதுவே தொழில். மகனின் ஒவ்வொரு அசைவையும் திருத்த அறிவும் நேரமும் அவரிடம் இருந்தன. பிள்ளை எந்தக் கையால் பந்து எறிகிறதோ அந்தக் கையிலேயே வாளைக் கொடுப்பதுதான் மற்ற வீடுகளுக்குப் பொருந்தும்.

பெற்றோரே பயிற்றுநராக இருக்கலாமா? இரண்டு விதமாகவும் வெற்றி கிடைத்திருக்கிறது. அமெரிக்காவின் கிரெக் மாசியலாஸ் 1984, 1988 ஒலிம்பிக்குகளில் ஆடியவர். தானே பயிற்சி கொடுத்து மகன் அலெக்சாண்டரை 2016 ரியோவில் ஃபாயில் வெள்ளி வரை கொண்டுபோனார். ஆனால் அவர் தன் மகனுக்கு மட்டும் ஆசானாக இருக்கவில்லை. அவருடைய பயிற்சிக் கூடத்தில் வேறு வலிய பிள்ளைகளும் வளர்ந்தார்கள். அமெரிக்க ஃபாயில் வீராங்கனை லீ கீஃபரின் தந்தை டியூக் பல்கலைக்கழக வாள்வீச்சு அணியின் தலைவராக இருந்தவர். இருந்தும் மகளை, வீடு இருந்த லெக்சிங்டனிலிருந்து 100 கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள லூயிவில் நகரத்தில், அம்ஜத் கஸ்பக் என்ற பயிற்றுநரிடம் ஒப்படைத்தார். லீ டோக்கியோவிலும் பாரிஸிலும் தனிநபர் தங்கம் வென்றார்.

கலகெதர போன்ற ஊருக்கு, பிள்ளையை வெளிப் பயிற்றுநரிடம் ஒப்படைக்கும் இரண்டாவது வழியே பொருந்தும். கட்டுகஸ்தோட்டை - குருநாகல் வீதியில் உள்ள இந்த ஊரிலிருந்து கண்டி நகரம் பஸ்ஸில் போய்வரும் தூரம்தான். ஆனால் விதவிதமான எதிராளிகளோடு ஆடிப் பழகக் கொழும்புக்கும் போகத்தான் வேண்டும். வீட்டில் ஒரே ஆளோடு ஆடும் பிள்ளை அந்த ஒருவரை வெல்ல மட்டுமே கற்கும். பெற்றோர் வாளைத் தொட்டே பார்க்காதவர்களாக இருந்தாலும் குறையில்லை. சென்னையின் பவானி தேவி கோயில் குருக்கள் ஒருவரின் மகள். 2004இல் பாடசாலையில் மூங்கில் குச்சியோடு தொடங்கி, தலச்சேரியில் பயிற்சியில் தேறி, பின்னர் மொன்டானோக்களின் லிவோர்னோவிலேயே பயிற்சி பெற்றார். டோக்கியோவுக்குத் தகுதிபெற்று, ஒலிம்பிக்கில் ஆடிய முதல் இந்திய வாள்வீச்சு வீராங்கனையானார்.

வீட்டில் செய்யவேண்டியது கால் வேலை. விறாந்தையிலோ முற்றத்திலோ ஐந்தாறு மீற்றர் சமதரை இருந்தால் போதும். சுண்ணக்கட்டியால் ஒரு நேர்கோடு இழுத்து, முன்கால் பாதத்தை அதன்மேலும் பின்காலை அதற்குச் செங்குத்தாகவும் வைத்து, முழங்கால் மடித்து முன்னே, பின்னே நகரப் பழக்கலாம். அடுத்து, எதிரெதிரே நின்று ஒருவர் நகர, மற்றவர் இடைவெளி மாறாமல் பின்தொடர்வது. இதற்கு வாளே தேவையில்லை, களைத்துப்போன மாலையிலும் தாயோ தந்தையோ கூட நிற்கலாம். மூன்றாவது, கையுறையை உயரத்தில் பிடித்துச் சட்டென்று விட, பிள்ளை எட்டிப் பாய்ந்து அதைப் பிடிப்பது. உலகெங்கும் வாள்வீச்சுக் கூடங்களில் நடக்கும் பயிற்சி இது. கண்ணையும் காலையும் ஒன்றுசேர்க்க இதைவிட எளிய வழி இல்லை. வாள் பிடிக்கும் பக்கத்துத் தோளும் முன்தொடையும் அதிகம் வளர்ந்துவிடும் என்பதால், ஒவ்வொரு நாளும் இறுதியில் மறுபக்கம் திரும்பி நின்றும் அதே அசைவுகளைக் கொஞ்ச நேரம் செய்யவேண்டும். ஈரமான சீமெந்துத் தரையில் மட்டும் வேண்டாம், வழுக்கும் தரை முழங்காலைக் கெடுக்கும்.

போட்டி நாளில் பெற்றோர் செய்யக்கூடியது இன்னும் குறைவு. முதற்சுற்றில் 5 தொடுகை அல்லது 3 நிமிடம் என்று ஆட்டம் முடிந்துவிடும். வெளியேற்றச் சுற்றில் 15 தொடுகை. அதில் ஃபாயிலுக்கும் எப்பேக்கும் 3 நிமிடப் பகுதிகளுக்கு நடுவிலும், சேபரில் ஒருவர் 8 தொட்டதும், ஒரு நிமிட ஓய்வு வரும். அந்த நிமிடம் பயிற்றுநருக்கு உரியது. தந்தை ஒரு பக்கமும் பயிற்றுநர் மறுபக்கமுமாகச் சொன்னால் பிள்ளை இரண்டையும் கேட்காது. தண்ணீர்ப் போத்தலை நீட்டுவதோடு நிறுத்திக்கொள்வதே உதவி.

பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு ஒருபோதும் வரக்கூடாதவை பழைய முகக்கவசமும் பழைய மேலங்கியும். 1982 ரோம் உலகப் போட்டியில் எதிராளியின் உடைந்த வாள் முகக்கவசத்தைத் துளைத்து, சோவியத் ஃபாயில் வீரர் விளாடிமிர் ஸ்மிர்னோவ் உயிரிழந்தார். அதன் பிறகே கவசத்தின் கம்பிவலை, உடையின் துணி, வாளின் உருக்கு ஆகிய மூன்றின் தரமும் உயர்த்தப்பட்டன. கண்டி மலைப்பக்கத்து ஈரக் காற்றில் அலுமாரியில் பல வருடம் கிடந்த கம்பிவலை வெளியே பளபளத்தாலும் உள்ளே துருப்பிடித்திருக்கலாம். பிள்ளைக்குக் கவசம், கழுத்துத் திரை, மேலங்கி, உட்காப்பு, கையுறை ஆகியவற்றைப் புதிதாக வாங்கவேண்டும், அல்லது கழகத்தில் பரிசோதித்தவற்றை இரவல் பெறவேண்டும். இவை எல்லாம் வந்து சேரும்வரை வீட்டில் வாளை வெளியே எடுக்கக்கூடாது, விளையாட்டுக்குக்கூட.