ஆடிஷனுக்கு வசனம் தேடும் பாப்பாவுக்கு

பாப்பா, சேத்தியாத்தோப்பிலிருந்து நடிக்கக் கிளம்புகிறாய். எந்த வசனத்தைப் பேசிக் காட்டுவது என்று கேட்டாய். பெரியப்பா பாதி ஆயுளை நாடக மேடையில் கழித்தவன். சொல்கிறேன், கேட்டுக்கொள்.

1. பேர்போன வசனத்தைத் தொடாதே. பையன்கள் 'பராசக்தி' (1952) நீதிமன்றக் காட்சியோடு வருவார்கள், பெண்கள் 'பூம்புகார்' (1964) கண்ணகியோடு. இரண்டும் கலைஞர் வசனம், இன்றைக்கும் காது குளிரும். ஆனால் நீ வாயைத் திறந்ததுமே எதிரில் இருப்பவர்களுக்குச் சிவாஜியும் விஜயகுமாரியும்தான் கேட்பார்கள். எங்கள் குழுவில் ஒருவன் சிவாஜி மூச்சு வாங்குவதைக்கூட அப்படியே செய்வான். கைதட்டல் அள்ளும். வேஷம் மட்டும் கடைசிவரை அவனுக்கு வரவில்லை.

2. நம் பேச்சுக்குக் கூச்சப்படாதே. இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' (1994), கண்மணி குணசேகரனின் 'அஞ்சலை' எல்லாம் இந்த நடுநாட்டு மண்ணின் வாய்மொழிதான். ஆனால் புத்தகம் முழுவதையும் படித்துவிட்டு எடு. 'கோவேறு கழுதைகள்' ஆரோக்கியம் யார் வாசலில் நின்று பேசுகிறாள் என்று தெரியாமல் அவள் பேச்சை எடுத்தால், ஆழம் தெரியாமல் காலை விட்ட கதைதான்.

3. உனக்குப் பிடிக்காத ஆளையும் எடுத்துப் பார். நாடகப் பள்ளிக்குப் போகிறாய் என்றால் இந்திரா பார்த்தசாரதியின் 'ஔரங்கசீப்' படி. அரியணைச் சண்டையில் அக்கா ஜஹனாரா, ஔரங்கசீப்பின் அண்ணன் தாராவின் பக்கம்; அவள் தங்கை ரோஷனாரா ஔரங்கசீப்பின் பக்கம். எல்லோருக்கும் ஜஹனாராவாக நிற்கத்தான் ஆசை. நீ ரோஷனாராவின் நியாயத்தைத் தேடு. நல்லவளாகப் பேசி நல்ல பேர் வாங்குவது சுலபம்.

4. 2023 ஜூலையில் வளையமாதேவியில் என்.எல்.சி. சுரங்கத்து வாய்க்காலுக்காக, நின்ற நெற்பயிரில் எந்திரம் இறங்கியது உனக்கு நினைவிருக்கும். அதை வைத்து நீயே ஒரு வசனம் எழுதத் தோன்றலாம். எழுது. அதற்குமுன் அந்த ஊர்த் திண்ணையில் போய் உட்கார். நிலம் போனவர்கள் நெஞ்சில் அடித்துக்கொண்டே பேசுவார்கள் என்று நினைக்காதே. எத்தனை ஏக்கர், பட்டா யார் பேரில், போர் எத்தனை அடி என்று கணக்காகச் சொல்வார்கள். நடுவில் "காப்பி குடிக்கிறியாம்மா?" என்பார்கள். அந்தக் கணக்கு முழுவதையும் கேட்டு முடிக்கப் பொறுமை இல்லையென்றால் அந்த வசனம் உனக்கு வேண்டாம். அவர்கள் துக்கத்தை எடுத்துக்கொண்டு போய் உன் திறமையைக் காட்டுவது சரியில்லை. எனக்கு இதில் பிடிவாதம் உண்டு.

5. மூன்று நிமிடம் என்றால் இரண்டரையில் முடி. நடுவில் "போதும்" என்றால் முகம் சுளிக்காதே. "இதையே சிரிச்சுக்கிட்டே பேசு" என்பார்கள். "நான் இப்படித்தான் பழகினேன்" என்று மட்டும் சொல்லிவிடாதே, உடனே பேசிக் காட்டு. அவர்கள் பார்ப்பது சொன்னதைக் கேட்டு மாறத் தெரிகிற ஆளா என்றுதான்.

6. முதல்நாளே பஸ் ஏறிவிடு. வடலூர், பண்ருட்டி தாண்டி விக்கிரவாண்டி போய்ச் சேர்வதற்குள் எங்கே நிற்கும் என்று சொல்ல முடியாது.