நிறம் நிலைப்பது எவ்வாறு?

தென்னாட்டிலிருந்து வடபுலம் வந்து பயிலும் நமக்கு மார்கழியும் தையும் கம்பளியின் அருமையைக் கற்பிக்கின்றன. கடையில் வாங்கும் கம்பளி உடையோடு மனநிறைவு கொள்வோர் பலர். ஊசியும் நூலும் எடுத்துத் தாமே பின்னிக்கொள்வோர் சிலர். அச்சிலருள் நானும் ஒருவன். என் அன்னைக்குப் போர்வை ஒன்று பின்ன விரும்பினேன். அதற்குரிய நூலுக்கு என் கையாலேயே நிறம் ஊட்ட வேண்டும். அந்நிறம் பல்லாண்டு நிற்கவும் வேண்டும். எந்த நிறம் நிற்கும்? எது ஓடிவிடும்? ஆராய்ந்து அறிந்ததை நண்பர்கள் முன் வைக்கின்றேன்.

முதலில் மஞ்சளை எடுத்துக்கொள்வோம். வெந்நீரில் மஞ்சள்தூளைக் கரைத்து நூலை நனைத்தால், சிறிது நேரத்தில் கண்ணைப் பறிக்கும் நிறம் ஏறுகின்றது. அது நிலைக்குமா? சாயமிட்ட நூலை ஓர் அட்டையில் சுற்றி, பாதியைத் தடித்த தாளால் மூடி, வெயில் படும் சன்னலில் வைத்தேன். ஒரு வாரம் சென்று பார்த்தபோது, மூடிய பாதி பொன்னாகவே இருந்தது. திறந்த பாதி வெளிறிப் போயிற்று. சோப்பு நீரிலும் மஞ்சள் நிறம் மாறிச் சிவக்கும். மஞ்சளில் சுண்ணாம்பு சேர்ந்தால் ஆரத்தி நீர் சிவப்பதை நாம் வீட்டில் கண்டதில்லையா? இரண்டுக்கும் காரணம் ஒன்றே: காரத்தன்மை. எனவே நிறம் ஏறுதல் வேறு. நிறம் நிலைத்தல் வேறு. இதுவே முதற்பாடம்.

நிலைக்கச் செய்யும் பொருள் எது? முகம் மழிக்குமிடத்தில் நாம் காணும் படிகாரமே அது. படிகாரத்திலுள்ள அலுமினியம் ஒருபுறம் நூலிழையைப் பற்றுகின்றது. மறுபுறம் சாயத்தைப் பற்றுகின்றது. இவ்வாறு சாயத்தை நூலில் ஊன்றச் செய்வதால் இத்தகைய பொருளை நிறமூன்றி என்பர்.

செய்முறை எளிது. 100 கிராம் வெண்கம்பளி நூலைச் சிட்டமாகச் சுற்றி, நான்கு இடங்களில் தளர்வாகக் கட்டுக. இறுகக் கட்டினால் அவ்விடத்தில் சாயம் ஏறாது. நூலை அலசி நனைய விடுக. 10 கிராம் படிகாரத்தை வெந்நீரில் கரைத்து, நூல் தாராளமாக மூழ்கும் அளவு நீரில் சேர்த்து, நூலை இட்டு மெல்லச் சூடேற்றுக. கொதிக்க விடாமல் ஒரு மணி நேரம் வைத்து, அந்நீரிலேயே ஆற விடுக. பிறகு சாய நீரிலும் இவ்வாறே செய்க. சமைக்கும் பாத்திரத்தை இதற்குப் பயன்படுத்தலாகாது. தனியாக ஓர் எவர்சில்வர் பாத்திரம் வேண்டும்.

கம்பளி இழையின்மீது நுண்ணிய செதில்கள் உள்ளன. திடீரென்று சூடும் குளிரும் மாறினாலும், வேகமாகக் கிளறினாலும் அச்செதில்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு நூல் தடித்துச் சுருங்கிவிடும். ஆதலால் பொறுமையே இத்தொழிலின் முதற்கருவி.

விடுதிச் சமையற்கட்டில் வீணாகும் வெங்காயத்தோல் 100 கிராம் இருந்தால், அதை வேகவைத்து வடித்த நீர் நல்ல செம்பொன் நிறம் தரும். அன்னையின் போர்வைக்கு நான் தேர்ந்தது அரக்கு. மரக்கிளைகளில் வாழும் சிறு பூச்சிகள் உண்டாக்கும் இப்பொருளின் சிவப்புச் சாயம், படிகாரம் ஏற்ற கம்பளியில் நன்கு பற்றுகின்றது. புடவைக் கடையில் நாம் கேட்கும் ‘அரக்கு நிறம்’ என்னும் பெயர் இதிலிருந்து வந்ததே.

பருத்திக்கு இவ்வளவு போதாது. கம்பளி புரதத்தால் ஆனது. பருத்தியோ செல்லுலோசால் ஆனது. பருத்தி, படிகாரத்தை எளிதில் ஏற்பதில்லை. ஆகவே முதலில் கடுக்காய் நீரில் ஊறவைத்து, அதன் துவர்ப்பை ஏற்றிய பின்னரே படிகாரம் இட வேண்டும். சோழமண்டலக் கடற்கரைச் சாயக்காரர் இம்முறையை நன்கு அறிந்திருந்தனர். அவர்கள் சாயவேரால் ஊட்டிய சிவப்பை ஐரோப்பியர் விரும்பி வாங்கினர். அவ்வேரிலுள்ள அலிசரின் என்னும் பொருளைச் செயற்கையாகச் செய்யும் வழியைக் கிரேபே, லீபெர்மான் என்னும் செருமானிய அறிஞர் இருவர் 1868இல் கண்டனர். ஆலைச் சாயங்கள் பெருகப் பெருக வேர்ச்சாயத்தின் வாணிகம் தளர்ந்தது.

அலுமினியம் என்னும் உலோகத்தை உலகம் பிரித்தெடுத்தது 1825இல். அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே நம் சாயக்காரர் படிகாரத்தின் ஆற்றலைக் கையால் அறிந்திருந்தனர். அவர்களுக்கு வாய்பாடு தெரியாது, நமக்குத் தெரியும். ஆயினும் ஒரு சிட்டம் நூலுக்கு நிறம் ஊட்ட நம்முள் எத்தனை பேருக்குத் தெரியும்? ஏட்டறிவும் கையறிவும் இணையும்போதுதான் கல்வி முழுமை பெறுகின்றது. வரும் விடுமுறையில் ஒரு சிட்டம் நூலும் ஒரு கட்டிப் படிகாரமும் வாங்குங்கள். வெங்காயத்தோலுக்குக் காசு வேண்டியதில்லை!