தன் முதுகு தனக்குத் தெரியாது



நிழல்தாங்கலில் பள்ளியறை முன் நிற்கும்போது எதிரே கண்ணாடி, இருபுறமும் விளக்கு. அதில் தெரிவது நம் முகம்தான். அய்யா உனக்குள்ளே உண்டு என்பதே அங்கே நாம் கற்கும் பாடம்.

கும்பிட்டு முடித்தபின் பணிவிடை செய்கிறவர் தம் விரலால் தொட்டு நம் நெற்றியில் நாமம் இடுகிறார். தொட்டால் தீட்டு, கண்டால் தீட்டு என்றிருந்த காலத்தில் அய்யா வைகுண்டர் வகுத்த தொட்டு நாமம் இது. இதில் இன்னொரு பாடமும் உண்டு. தெய்வம் நமக்குள் இருந்தாலும், நம் நெற்றிக்கு நாமம் இன்னொருவர் கையால்தான் வருகிறது.

தனியே சுமப்பவர்

ஆரணிப் பக்கத்துப் பட்டு நெசவாளர் ஒருவரை நினைத்துக்கொள்வோம். மகள் கல்யாணத்துக்குக் கடன் வாங்கினார். அதை அடைக்க முதலாளியிடம் முன்பணம் வாங்கினார். முன்பணம் கூலியில் கழிகிறது. வீட்டுச் செலவுக்கு மறுபடியும் வட்டிக்கு வாங்குகிறார். மனைவிக்குத் தெரிந்தால் அழுவாள், அண்ணனுக்குத் தெரிந்தால் ஏசுவார் என்று யாரிடமும் சொல்லவில்லை. தறிக்குழியில் உட்கார்ந்து ஒரே கணக்கை ஆயிரம் தடவை போடுகிறார். விடை மாறவில்லை. கணக்குப் போடுகிறவர் மாறவில்லையே, விடை எப்படி மாறும்?

தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள் பெரியோர். பயமும் வெட்கமும் சேர்ந்தால் முதுகு மட்டுமல்ல, கண்முன் இருக்கும் வழியும் தெரியாது.

வந்தவாசியில் கோரைப்பாய் நெய்வதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். கைத்தறியில் ஒருவர் கோரையை நீளக் குச்சியில் மாட்டி உள்ளே செலுத்துவார். மற்றவர் அச்சை இழுத்து அடிப்பார். இருவர் உட்கார்ந்தால்தான் பாய் வளரும்.

கேட்பது குறைவல்ல

அகிலத்திரட்டு அம்மானை எப்படி அமைந்திருக்கிறது? இலட்சுமி கேட்க, திருமால் சொல்லுகிறார். கேள்வியிலிருந்துதான் அந்த ஞானம் பிறக்கிறது. அதை 1841-ல் ஏட்டில் எழுதியவர் சீடர் அரிகோபாலர். திருஏடு வாசிப்பையும் பாருங்கள். ஒருவர் வாசிக்க, விளக்கம் சொல்லப்பட, ஊர் கூடிக் கேட்கிறது. அய்யாவும் ஆறு வருடம் தவமிருந்தார். ஆனாலும் நோயோடும் துயரோடும் வந்தவர்களை ஒதுக்கவில்லை. வாய்விட்டுச் சொல்ல ஓர் இடம் அவர்களுக்கு அங்கே இருந்தது.

யாரிடம், எப்படிக் கேட்பது?

1. உங்கள் கஷ்டத்தில் லாபமோ நஷ்டமோ இல்லாதவரிடம் கேளுங்கள். கடன் கொடுத்தவரிடமே கடனுக்கு யோசனை கேட்கக் கூடாது.

2. கேட்டதை வயிற்றோடு வைத்துக்கொள்கிறவராக இருக்கட்டும்.

3. முழுவதையும் சொல்லுங்கள். பாதியை மறைத்தால் பாதி யோசனைதான் கிடைக்கும். நெசவாளர் முன்பணத்தைச் சொல்லி, வட்டிக் கடனை மறைத்தால் என்ன பயன்?

4. 'நான் செய்தது சரிதானே?' என்று கேட்காதீர்கள். 'எனக்கு எது தெரியவில்லை?' என்று கேளுங்கள்.

5. கசப்பான சொல் வந்தால் அன்றே பதில் பேசாதீர்கள். ஒரு இரவு கழியட்டும். பிறகு விளக்கின் முன் நின்று எண்ணிப் பாருங்கள். முடிவு உங்களுடையது, அதை வேறு யார் தலையிலும் கட்டக் கூடாது.

அந்த நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் விவரம் தெரிந்த ஒருவரிடம் நோட்டைக் கொண்டுபோய்க் காட்டினால், எந்தக் கடனுக்கு வட்டி அதிகம், எதை முதலில் அடைப்பது என்று சொல்ல அவருக்கு அரைமணி நேரம் போதும். கடன் அன்றே தீராது. ஆனால் சுமை இரண்டு தோளுக்கு வந்துவிடும். மனைவியிடம் சொல்லவும் துணிவு வரும்.

உயிரே வேண்டாம் என்று தோன்றும் அளவுக்கு மனம் இருண்டால், விடியும்வரை காத்திருக்க வேண்டாம். பக்கத்தில் இருப்பவரை எழுப்புங்கள். அரசின் 14416 என்ற இலவச எண்ணுக்கு எந்நேரமும் பேசலாம். அதுவும் ஓர் அன்பின் கைதான்.

கேட்கப்படுகிறவருக்கும் ஒரு சொல். நம்மிடம் ஒருவர் மனம் திறந்தால், முதலில் காது கொடுப்போம். புத்தி பிறகு சொல்லலாம். தாழக் கிடப்பாரைத் தற்காப்பதே தர்மம்.

சிந்திக்க: யாரிடமும் சொல்லாமல் நீங்கள் சுமப்பது எது? இந்த ஞாயிறு பணிவிடை முடிந்ததும் அதை யாரிடம் சொல்லலாம்?

அய்யா துணை.