விடுதியிலிருந்து வீட்டுக் கணினிக்கு: தொலையுதவி இணைப்பும் அதன் சிக்கல்களும்

பல்கலைக்கழகத்தில் பயிலும் நம்மில் பலர் வீட்டாருக்குக் கணினி மருத்துவராகவும் விளங்குகிறோம். "ஐயா, கணினியில் ஏதோ வருகிறது, என்ன செய்வது?" என்று அப்பா தொலைபேசியில் கேட்கும்போது, திரையைக் காணாமல் வாய்ச்சொல்லால் மட்டும் வழிகாட்டுவது எளிதன்று. இக்குறையைத் தீர்ப்பதே தொலையுதவி. அந்த இணைப்பே கிடைக்காவிட்டால் எங்கே, எந்த வரிசையில் தேடுவது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

எந்த வசதி எதற்கு?

விண்டோஸில் ஒன்றுபோல் தோன்றும் மூன்று வசதிகள் உள்ளன. 'ரிமோட் டெஸ்க்டாப்' என்பது நம் கணினியை நாமே வேறிடத்திலிருந்து இயக்குவதற்கானது. இணைந்தவுடன் அங்குள்ள திரை பூட்டப்படும்; அம்மாவுக்கு எதையும் காட்டிக் கொடுக்க இயலாது. மேலும், விண்டோஸ் 'ஹோம்' பதிப்பு இத்தகைய இணைப்பை ஏற்காது. 2001இல் எக்ஸ்பியுடன் வந்த 'ரிமோட் அசிஸ்டன்ஸ்', 2016இல் விண்டோஸ் 10இல் சேர்க்கப்பட்ட 'குவிக் அசிஸ்ட்' ஆகிய இரண்டிலும் இருவரும் ஒரே திரையைக் காணலாம். வீட்டாருக்கு உதவ இவையே பொருத்தமானவை.

முகவரிச் சிக்கல்

ரிமோட் அசிஸ்டன்ஸ் பெரும்பாலும் தோற்பது முகவரியால்தான். வீட்டுக் கணினியின் ஐபி முகவரி பொதுவாக 192.168 என்று தொடங்கும். இது அடுக்குமாடியில் புளோக் எண்ணைச் சொல்லாமல் வீட்டு எண்ணை மட்டும் சொல்வது போன்றது. வீட்டுக்குள் அது போதும். வெளியிலிருந்து வருபவருக்கு வழி தெரியாது. திசைவியில் வழி திறந்துவிடலாம் என்பர். ஆனால், திசைவிக்கே கிடைத்துள்ள முகவரி 100.64 முதல் 100.127 வரையிலான வரிசையில் இருந்தால், இணையச் சேவை நிறுவனம் ஒரு பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்தளிக்கிறது என்று பொருள். அங்கு இம்முயற்சி பயன் தராது. ரிமோட் டெஸ்க்டாப்பின் 3389ஆம் வாயிலை இணையத்திற்குத் திறந்து வைப்பதோ பேராபத்து. அச்சேவையில் 2019இல் கண்டறியப்பட்ட 'புளூகீப்' எனும் ஓட்டைக்காக, ஆதரவு நிறுத்தப்பட்ட எக்ஸ்பிக்கும் மைக்ரோசாப்ட் திருத்தம் வெளியிட்டது.

குவிக் அசிஸ்டில் இச்சிக்கல் இல்லை. இரு கணினிகளும் வெளியே உள்ள சேவையகத்தை நாடிச் சென்று அங்கே இணைகின்றன. பாதுகாப்பான இணையப் பக்கங்கள் பயன்படுத்தும் 443ஆம் வாயிலே இதற்கும் போதும்.

இணையாவிட்டால் வரிசையாகப் பாருங்கள்

1. இரு பக்கமும் ஏதேனும் ஓர் இணையப் பக்கம் திறக்கிறதா?

2. வீட்டுக் கணினியின் தேதியும் நேரமும் சரியா? தவறாக இருந்தால் பாதுகாப்புச் சான்றிதழ் ஏற்கப்படாது.

3. குறியீடு காலாவதியாகிவிட்டதா? அதன் ஆயுள் 10 நிமிடமே. உதவுபவர் மைக்ரோசாப்ட் கணக்கில் நுழைந்து குறியீட்டைப் பெறவேண்டும். உதவி பெறுபவருக்குக் கணக்கு தேவையில்லை.

4. விடுதியின் வலையமைப்பு தடுக்கிறதா? கைத்தொலைபேசியின் இணையத்திற்கு மாறிப் பாருங்கள். அப்போது இணைந்தால் குறை வீட்டில் இல்லை.

5. ரிமோட் அசிஸ்டன்ஸ் என்றால், தீச்சுவரின் அனுமதிப் பட்டியலில் அது குறிக்கப்பட்டுள்ளதா? தீச்சுவரையே அணைத்துவிட வேண்டாம்.

திரை தெரிந்தும் சுட்டி நகராவிட்டால், கட்டுப்பாட்டிற்கு நீங்கள் விடுத்த கோரிக்கையை வீட்டார் இன்னும் ஏற்கவில்லை. இடையில் திரை கறுத்துப்போனால் இணைப்பு அறுந்ததாக எண்ணவேண்டாம். மென்பொருள் நிறுவும்போது விண்டோஸ் கேட்கும் அனுமதிக் கேள்வி உங்களுக்குத் தெரியாதபடி மறைக்கப்பட்டுள்ளது. அதற்கு அங்கிருப்பவரே பதிலளிக்க வேண்டும்.

கதவைத் திறப்பது யாருக்கு?

நாம் கற்றுக்கொடுக்கும் இதே வழியைத்தான் மோசடிக்காரர்களும் பயன்படுத்துகின்றனர். கணினி நிறுவனத்திலிருந்தோ வங்கியிலிருந்தோ அழைப்பதாகக் கூறி, இணைப்பைப் பெற்றுச் சேமிப்பைச் சுருட்டுகின்றனர். ஆகவே, இணைப்பு வேலை செய்த அன்றே பெற்றோருக்கு ஒரு விதியையும் சொல்லுங்கள்: நீங்களாக அழைத்து, குரலறிந்து, பிள்ளை தரும் குறியீட்டை மட்டுமே தட்டச்சு செய்யுங்கள், தானாக வரும் எந்த அழைப்புக்கும் திரையைத் திறக்காதீர்கள். வேலை முடிந்ததும் இணைப்பைத் துண்டிக்கவும் பழக்குங்கள். ஐயம் எழுந்தால் மலேசியாவில் 997, சிங்கப்பூரில் 1799 எண்ணை அழைக்கலாம்.

தூரத்திலிருந்து கைகொடுப்பது நம் கடமை. அந்தக் கை நம்முடையதுதான் என்று வீட்டார் அறியச் செய்வதும் அக்கடமையின் ஒரு பகுதியே.