பெருங்குடல் அறுவைச் சிகிச்சைக்குப் பின் கேடுகளைத் தடுத்தல்

பெருங்குடலிலோ மலக்குடலிலோ புற்றுநோய் முதலியன கண்டவிடத்து, நோயுற்ற பகுதியை நீக்கி, எஞ்சிய இரு முனைகளையும் இணைத்துத் தைப்பது பெரும்பாலும் வழக்கம். சிகிச்சை செவ்வனே முடிந்த பின்னரும் சில கேடுகள் நேரக்கூடும். அவற்றுள் முக்கியமானவை மூன்று: தைத்த இணைப்பில் கசிவு, காயத்திலோ நுரையீரலிலோ கிருமித்தொற்று, காலின் ஆழ்ந்த சிரைகளில் இரத்தம் உறைதல்.

தடுப்பு முறைகள் சிகிச்சைக்கு முன்னரே தொடங்குகின்றன. புகைப்பழக்கத்தை நான்கு வாரங்களுக்கு முன்பே கைவிடுதலும், இரத்தச்சோகையைப் போக்கிக் கொள்ளுதலும் அவசியம்.

நோயாளியைப் பட்டினியாகப் பல நாள் படுக்கையில் கிடத்துவதே முற்கால முறை. 1990களில் டென்மார்க் நாட்டு அறுவை மருத்துவர் ஹென்ரிக் கேலெட் இம்முறையை மாற்றியமைத்தார். விரைவில் உணவளித்தல், விரைவில் நடக்கச் செய்தல், குடலியக்கத்தை மந்தப்படுத்தும் அபினி வகை மருந்துகளைக் குறைத்தல் ஆகியவை அவர் வகுத்த முறையின் கூறுகளாம். நடக்குங்கால் கால் தசைகள் சிரைகளை அழுத்தி இரத்தத்தை மேலேற்றுகின்றன; ஆழ்ந்த மூச்சினால் நுரையீரல் நன்கு விரிகின்றது.

இம்முறையால் நோயாளி சில நாட்களிலேயே வீடு திரும்புகிறார். ஆயின் கசிவு சில வேளைகளில் அதற்குப் பின்னரே வெளிப்படுவதுண்டு. மருத்துவமனைக்குத் தொலைவிலுள்ள சிற்றூரில் அதனை முதலில் அறியக்கூடியவர் வீட்டாரும் களப்பணியாளருமே. ஆகவே, முதல் இரு வாரங்களில் நோயாளியைக் காணும் பணியாளர் மூன்று வினாக்களைத் தவறாது கேட்டல் வேண்டும்.

1. காய்ச்சலோ, நாளுக்கு நாள் மிகும் வயிற்றுவலியோ உண்டா?

2. வயிறு உப்புதல், வாந்தி, வாயு பிரியாமை ஆகியவை உண்டா?

3. ஒரு காலில் மட்டும் வீக்கமோ, திடீர் மூச்சுத்திணறலோ உண்டா?

இவற்றுள் ஒன்றேனும் இருப்பின் தாமதமின்றி மருத்துவமனைக்கு அனுப்புதல் வேண்டும். மலம் இறங்கவில்லை என்று பேதி மருந்தோ எனிமாவோ வீட்டிலேயே கொடுப்பது பேராபத்தாகும்; புதிய தையல் அதனைத் தாங்காது. இரத்தம் உறையாதிருக்க மருத்துவர் விதித்த ஊசியை, நோயாளி நலமாகத் தோன்றினும், குறித்த நாளுக்கு முன் நிறுத்தலாகாது.

அசையாது படுத்திருப்பதே ஓய்வு என்பதும், கஞ்சி ஒன்றே பத்தியம் என்பதும் பலர் கொண்டுள்ள கருத்து. மருத்துவர் அனுமதித்த உணவைச் சிறிது சிறிதாகப் பலமுறை உண்பதும், நாள்தோறும் நடப்பதுமே நலம் பயப்பன என்பதை ஆசிரியர்கள் ஊராருக்கு விளக்கிக் கூறுதல் நன்று.